கண்ணாடியில ஒட்டாம விட்ட ஒரு சாண்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை கூட நான் சொந்தமாச் சேக்கல. எங்க அய்யா மேல சத்தியம். இப்ப என் வாயில கெடக்கிற பூந்தி மேல சத்தியம். பொய்னு எவராச்சும் வந்து நிரூபிச்சா மீசையில பாதியை எடுத்துக்கிறேன். பாதிதான். முழுசா எடுக்கிற அளவுக்கு நான் உத்தமனும் இல்ல.

அருப்புக்கோட்டையில தனுஷ்கோடின்னு ஒருத்தர். அவருக்கு ஒரு தம்பி, சேதுராசு. ரெண்டு பேரும் அப்பா வெச்ச பலகாரக் கடையில நின்னு வளந்தவங்க. அண்ணன் கல்லாவுல, தம்பி அடுப்புல. தம்பி பூந்தி போட்டா வாசனைக்கே தெரு முக்கு வரைக்கும் ஆளு வந்து நிக்கும்.

ஒரு தீபாவளிக்குக் கடை நெறையக் கூட்டம். அண்ணன் ஒரு பூந்தியை எடுத்து வாயில போட்டாரு. போட்டவரு தின்னுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "என்னடா இது கல்லு மாதிரி. ஒன் கைப்பக்குவம் போயிருச்சு"ன்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லிட்டாரு.

தம்பி கரண்டியை எண்ணெயிலயே போட்டுட்டு வெளிய போனவருதான். கடையும் போச்சு, பேச்சும் போச்சு.

அப்புறம் வீட்டை நடுவுல சொவரு வெச்சுப் பிரிச்சாங்க. அண்டா, அடுக்கு, அருவாமனை எல்லாம் பிரிச்சாச்சு. இட்லிச் சட்டி அண்ணன் வீட்டுல, அதோட மூடி தம்பி வீட்டுல. ரெண்டு வீட்டுலயும் தோசைதான். பிரிக்காம நின்னது ரெண்டே சங்கதி. ஒண்ணு, பொதுவுல இருந்த மாடிப்படி. இன்னொண்ணு, மொட்டை மாடியில சாத்தி வெச்சிருந்த கடைக் கண்ணாடி.

பலகாரத்துல ஈ மொய்க்காம கடைக்கு முன்னால நிக்குமே, அந்தக் கண்ணாடி. ஆளு நீளம், நெஞ்சு ஒசரம், நல்ல கனம். மாடிக் கைப்பிடிச் சொவத்துல சாஞ்சு நின்னுச்சு. அதை அப்புறப்படுத்தணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா தொட்டா அது தொட்டவன் கண்ணாடி ஆயிடும்ல. அண்ணன் கேட்டா அது தம்பி கண்ணாடி. தம்பி கேட்டா அண்ணன் கண்ணாடி. கீழ படுக்க வெச்சிருந்தாக்கூடப் பாதி ஆபத்து கொறஞ்சிருக்கும். படுக்க வைக்கிறதுக்கும் தொடணுமே.

ஆடி வந்துச்சு. எங்க ஊரு ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியாது. காயப்போட்ட வேட்டி பக்கத்து ஊருல போயி எறங்கும். அந்தக் காத்துல கண்ணாடி கடகடன்னு ஆட ஆரம்பிச்சுது. கைப்பிடிச் சொவத்துக்கு நேர் கீழதான் தெருக்குழாய். பொம்பளைங்க குடத்தை வெச்சுக்கிட்டு வரிசையா நிப்பாங்க. தம்பி பொண்டாட்டியும் அதுல நிப்பா.

தனுஷ்கோடிக்குத் தூக்கம் போச்சு. கடகடன்னு ஒரு சத்தம் வந்தா எந்திரிச்சு உக்காருவாரு. சத்தம் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு உக்காருவாரு.

பழைய இரும்புக் கடைக்காரரைப் போயிப் பாத்தாரு. அவரு, பழைய கண்ணாடி எனக்கு வேணாம், எடுத்து வெளிய போடுறதுன்னாலும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வந்து சொல்லுங்க, நாளைக்கு ஒங்க சண்டையில என் சட்டையைக் கிழிச்சுக்க முடியாதுன்னுட்டாரு.

தம்பிக்குச் சொல்லி விடலாம்னா ஆளு இல்ல. வருசக்கணக்கா அந்த வேலையைப் பாத்தது தனுஷ்கோடி சம்சாரம் மங்கை. "அந்தாளை மோட்டாரை நிறுத்தச் சொல்லு", "அந்தாளு வீட்டுத் தண்ணி இங்க வருதுன்னு சொல்லு", இப்படி. ஒரு நாளு அந்தம்மா, நான் என்ன டெலிபோனான்னு கேட்டுட்டு, பைய எடுத்துக்கிட்டு மக வீட்டுக்குத் தேனிக்குப் போயிருச்சு.

கடைசியில தனுஷ்கோடி போனது, அவரு வழக்கமாப் போற கம்மாய்க்கரை மடத்துக்கு.

மடம்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், முத்திருளாயி அம்மான்னு ஒரு சாமியாரம்மா. அந்தம்மாவுக்கு இவரைவிடப் பத்துப் பன்னெண்டு வயசு கொறச்சலா இருக்கும். குரு, சிஷ்யரை அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க. சிஷ்யர், குருவைத் தாயின்னு கூப்பிடுவாரு. உபதேசம் அது இதுன்னு ஒண்ணும் பெருசாக் கெடையாது. வெத்தலை போடுவாங்க. கேட்டா ஏதாச்சும் சொல்லுவாங்க. பாதி நேரம் அதுவும் வெத்தலைக்குள்ளயே போயிரும்.

தனுஷ்கோடி போயி முன்னால உக்காந்தாரு. வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டு வந்த கேள்வி.

"தாயி, மனசுல ஒண்ணைப் புடிச்சுக்கிட்டே இருக்கேன். அதை எப்படி விடுறது?"

அந்தம்மா பாக்கு வெட்டிக்கிட்டிருந்தாங்க. "தூக்கம் வருதா?"

"வரல."

"எது வர விடல?"

அவரு கண்ணாடின்னாரு. காத்து, குழாயடி, தம்பி, தம்பி பொண்டாட்டி, இட்லிச் சட்டி மூடி வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னாரு. அந்தம்மா பாக்கை வாயில போட்டாங்க.

"காலையில வாரேன். காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னால அதை எறக்கிருவோம்."

"நான் மனசைப் பத்திக் கேட்டேன் தாயி."

"கேட்டுச்சு."

மறுநா விடிஞ்சும் விடியாம அந்தம்மா வந்து நின்னாங்க. கையில ரெண்டு சாக்கு, ஒரு பழைய சைக்கிள் டியூப், ரெண்டு உருளை டேப். நேரா தம்பி வீட்டுக் கதவைத் தட்டுனாங்க. தனுஷ்கோடி இந்தப் பக்கம் சொவத்துல காதை ஒட்டி வெச்சுக் கேட்டாரு. ஒட்டுக் கேக்கலேன்னு அவரு பின்னால சொன்னாரு. காது என்னமோ சொவத்துலதான் இருந்துச்சு.

சேதுராசு மொதல்ல முடியாதுன்னாரு. அப்புறம், வாசல்ல சாமியாரம்மா வந்து கேக்குறப்ப மறுக்க வாயி வரல.

"நீங்க கேட்டதுக்காக ஒரு பக்கம் புடிக்கிறேன்மா. அந்தாளுகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேசச் சொல்லவே இல்லையே"ன்னாங்க அந்தம்மா.

மூணு பேரும் மாடிக்கு ஏறினாங்க. காத்து இன்னும் எந்திரிக்கல. கண்ணாடி ஆடாம நின்னுச்சு. சேதுராசு கனத்த செருப்பு மாட்டியிருந்தாரு. தனுஷ்கோடி மருமகன் விட்டுட்டுப் போன ஷூவைப் போட்டிருந்தாரு. அது அவருக்குப் பெருசு, நடந்தா காலு ஒரு பக்கம் போகும், ஷூ ஒரு பக்கம் போகும். அந்தம்மா அதைப் பாத்துட்டு, ஷூவுக்குள்ள துணியைத் திணிக்கச் சொன்னாங்க. டியூப்பை வெட்டி ரெண்டு பேரு உள்ளங்கையிலயும் சுத்தி விட்டாங்க. கண்ணாடியை மல்லாக்கத் தூக்கக் கூடாது, நட்டமா நிறுத்தித்தான் தூக்கணும், கீழ எறக்கி ஜமுக்காளத்துக்குள்ள வெச்சுத்தான் ஒடைக்கணும்னாங்க. ஒடஞ்சாலும் செதறாம இருக்க ரெண்டு மொகத்துலயும் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கன்னு சொல்லி ஆளுக்கு ஒரு உருளை குடுத்தாங்க.

இங்கதான் நம்ம ஆளுங்க வேலையைக் காமிச்சாங்க.

அண்ணன் அந்தக் கோடியில இருந்து ஒட்டிக்கிட்டு வர்றாரு. தம்பி இந்தக் கோடியில இருந்து ஒட்டிக்கிட்டு வர்றாரு. பாய் பின்ற மாதிரி அழகா ஒட்டுறாங்க. நடுவுல வந்ததும் ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. நடுவுல, கீழ் ஓரத்துல, சில்லு பேந்து நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். அந்த விரிசல் யாரு பாதியில இருக்குன்னு ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. பாத்துட்டு ரெண்டு பேரும் உருளையைக் கீழ வெச்சுட்டாங்க. ரெண்டு பாதிக்கும் நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு சாண் அகலம் வெறுங்கண்ணாடி.

அந்தம்மா அந்த இடத்தைத் தடவிப் பாத்தாங்க. "இது?"

"அது அவன் பக்கம் தாயி."

"அது அந்தாளு பக்கம்மா."

அந்தம்மா தரையில கெடந்த உருளையைப் பாத்தாங்க. ரெண்டுலயும் டேப் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தாங்க. "சரி"ன்னாங்க.

அந்த "சரி"யை ஞாபகம் வெச்சுக்கங்க.

அந்த மாடிப்படி இருக்கே, அது ஒருத்தரு ஏறினா எதிர்ல வர்றவரு தொப்பையை உள்ள இழுத்துக்க வேண்டிய படி. பாதியில ஒரு திருப்பம் இருக்கு, ஒரு கட்டில் போடுற அளவு தளம். அந்தம்மா சாக்கையும் ஒரு பழைய மெத்தையையும் அங்க விரிச்சாங்க. வளைச்சுத் திருப்பும்போது சொவத்துல இடிக்காம நான் நின்னு வழி காட்டுறேன்னு சொல்லி, தளத்து மூலையில போயி நின்னாங்க.

தம்பி கீழ்ப்பக்கம், முதுகு கீழ பாக்க, பின்னாலயே படி எறங்கணும். கனமெல்லாம் அவரு மேல. ஒரு மடிச்ச சாக்கைத் தோள்ல போட்டு அதுல கண்ணாடி ஓரத்தைச் சாச்சுக்கிட்டாரு. மொகம் பாதி சாக்குக்குள்ள. அண்ணன் மேல்பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் கண்ணாடி. அதுக்குள்ள அண்ணன் மொகம் மட்டும் லேசாத் தெரிஞ்சுது, பின்னால தம்பி மாதிரி ஒரு நெழலு.

தூக்குனாங்க.

"தாயி, அந்தாளை ஒரு படி எறங்கச் சொல்லுங்க."

"தம்பி, ஒரு படி எறங்குவீங்களாம்."

"எறங்கியாச்சுன்னு சொல்லுங்கம்மா."

"அண்ணாச்சி, எறங்கியாச்சாம்."

கோர்ட்டுல டவாலி பேரு கூப்பிடுற மாதிரி ஒவ்வொரு படிக்கும் இப்படி. சங்கதி என்னன்னா, சொல்லு கீழ போயி மேல வர்றதுக்குள்ள காலு அடுத்த படியில இருந்துச்சு. நில்லுங்கற சொல்லு நடந்ததுக்கு அப்புறம் போச்சு. நடங்கற சொல்லு நின்னதுக்கு அப்புறம் வந்துச்சு. கண்ணாடி ஒரு தடவை கைப்பிடிக் கம்பியில லேசா இடிச்சு, ணங்குன்னுச்சு. தனுஷ்கோடிக்குப் பிடரி மயிரு எந்திரிச்சு நின்னுச்சு.

திருப்பத்துக்கு வந்தாங்க. கண்ணாடி தளத்துக்குள்ள நொழஞ்சதும் அந்தம்மா மூலையில மாட்டிக்கிட்டாங்க. முதுகுக்குப் பின்னால சொவரு, நெஞ்சுக்கு முன்னால கண்ணாடி. டேப் ஒட்டாத அந்த ஒரு சாண் சரியா அவங்களுக்கு நேரா நின்னுச்சு.

"தாயி, அந்தாளைக் கொஞ்சம் இடதுகைப் பக்கம் ஒதுங்கச் சொல்லுங்க."

அந்தம்மா இடுப்புல சொருகியிருந்த சுருக்குப் பையை அவுத்தாங்க. வெத்தலையை எடுத்தாங்க. காம்பைக் கிள்ளுனாங்க. சுண்ணாம்பைத் தடவுனாங்க.

"தாயி, இப்பவா?"

பாக்கையும் சேத்து மடிச்சு வாயில திணிச்சாங்க. இன்னொரு வெத்தலையை எடுத்து அதையும் திணிச்சாங்க. கன்னம் ரெண்டும் உப்பிருச்சு. கன்னத்தைத் தொட்டுக் காமிச்சு, தலையை ஆட்டுனாங்க. இனிமே இந்த வாயில எடம் இல்ல.

கண்ணாடி கனக்குது. டியூப்புக்குள்ள கை வேர்த்து வழுக்குது.

சேதுராசுக்குத்தான் மொதல்ல பொறுக்கல. சொவத்துல ஒரு பல்லி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதைப் பாத்துச் சொன்னாரு.

"ஏ பல்லி, மேல நிக்கிறவரை ஒரு படி எறங்கச் சொல்லு. எனக்குத் தோளு விட்டுப் போகுது."

தனுஷ்கோடி மட்டும் லேசுப்பட்ட ஆளா. அவரும் அதே பல்லியைத்தான் பாத்தாரு. "பல்லி, மேல இருக்கிறவரு எறங்கிருவாரு. கீழ இருக்கிறவரு மொதல்ல ஒதுங்கணும்னு சொல்லு."

பாவம் அந்தப் பல்லி, என்ன பாவம் பண்ணுச்சோ.

டிக்.

பல்லி சொல்லுதுன்னு நெனச்சாரு தனுஷ்கோடி. நல்ல தெசைதான், நல்லதுதான்னு கூட மனசுக்குள்ள ஓடுச்சு.

டிக்.

பல்லி அந்த எடத்துலயே இல்ல. எப்பவோ ஜன்னலுக்கு வெளிய போயிருச்சு.

தனுஷ்கோடி குனிஞ்சு பாத்தாரு. நகக்கண் அளவுக்கு இருந்த விரிசல் இப்ப ஒரு விரலு நீளம். அந்த வெறும் கண்ணாடியில, டேப்பு மேல படாம, கீழ இருந்து மேல பாத்து வருது. ஜன்னல் வெளிச்சத்துல வெள்ளி நூலு மாதிரி மினுங்குச்சு. அவரு பாத்துக்கிட்டிருக்கும்போதே இன்னொரு டிக். அது அந்தம்மா வயித்தைத் தாண்டி நெஞ்சுக்கு வந்துச்சு.

மேல வரைக்கும் போயிருச்சுன்னா ரெண்டு துண்டும் நடுவுல மடியும். ஒண்ணு சேதுராசு கழுத்துக்குப் போகும். இன்னொண்ணு அந்தம்மா மேல சாயும்.

சேதுராசுக்கு இது ஒண்ணும் தெரியல. மொகம் சாக்குக்குள்ள. மேல இருக்கிற ஆளு நகர்ற மாதிரி இல்ல, நாமளே எறங்கிருவோம்னு முடிவு பண்ணிட்டாரு போல. காலு பின்னால படியைத் தேடுது. கட்டை விரலு காத்துல தடவுது. அந்தக் காலு எறங்குச்சுன்னா அவரு பக்கம் தாழும். தாழ்ந்தா முடிஞ்சுது.

தனுஷ்கோடி அந்தம்மாவைப் பாத்தாரு. அந்தம்மா மெல்றதை நிறுத்தியிருந்தாங்க. கண்ணு மட்டும் இவரைப் பாத்துச்சு. பயந்த கண்ணு மாதிரி இல்ல. காத்துக்கிட்டிருக்கிற கண்ணு.

சொல்றதுக்கு வேற ஆளே இல்ல. மங்கை தேனியில. பல்லி வெளிய. தாயி வாயி நெறைய வெத்தலை.

"டேய் பூந்தி, அசையாத."

பூந்திங்கறது சேதுராசு சின்னப் புள்ளையா இருந்தப்ப வெச்ச பேரு. தவழ்ற வயசுல கடைக்குள்ள போயி, சிந்துன பூந்தியை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தின்பாராம். அம்மா போன பெறகு அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளு இல்ல. நரைச்ச மீசையும் தொங்குன தோளுமா நின்ன மனுசனை இப்பப் போயி அப்படிக் கூப்பிட்டுட்டாரு. எங்கிருந்து வந்துச்சுன்னு அவருக்கே தெரியல.

காலு காத்துலயே நின்னுச்சு.

சாக்குக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

"அசையலண்ணே."

"காலை எடுத்த எடத்துலயே வை."

"வெச்சுட்டேன்."

"கீழ இருந்து பொளந்துக்கிட்டு வருது. என் பக்கமா அழுத்து. வாய் பொளக்காம நிக்கும்."

"நீயும் அழுத்துண்ணே. நான் மட்டும் அழுத்துனா நீ பின்னால சாஞ்சிருவ."

"அழுத்துறேன்டா. நல்லா அழுத்து. செங்கல்லை வரிசையா அடுக்கி ரெண்டு பக்கமும் அமுக்கித் தூக்குவோம்ல, அந்த மாதிரி."

ரெண்டு பேரும் அழுத்துனாங்க. அண்ணன் தம்பியைப் பாத்து, தம்பி அண்ணனைப் பாத்து, பலம் கொண்ட மட்டும். வெள்ளி நூலு அந்தம்மா நெஞ்சுக்கு நேரா நின்னுச்சு. அதுக்கு மேல ஏறல.

"கை நடுங்குதுண்ணே."

"எனக்கும்தான்."

"வழுக்குது. விட்டுரவா?"

"விடாத. தாயி உள்ள நிக்கிறாங்க. சேந்து எறக்குவோம். ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போகணும். முட்டியை மடக்கு."

"மடக்குறேன்."

"தலையை அந்தப் பக்கம் திருப்பிக்க. இன்னும். கழுத்தைக் காமிக்காதடா."

"திருப்பிட்டேன். நீ பாத்துச் சொல்லு."

"மெதுவா. அழுத்தம் கொறையக் கூடாது. மெதுவா. மெத்தை தட்டுப்படுதா?"

"இல்ல."

"இப்ப?"

"பட்டுருச்சு. நீ?"

"பட்டுருச்சு. வைக்கவா?"

"வைண்ணே."

வெச்சாங்க.

மெத்தை மேல நட்டமா நின்னதும் எதிர்ச் சொவத்துல சாச்சாங்க. அப்பத்தான் அது கடைசியா ஒரு டிக் சொல்லிட்டு மேல வரைக்கும் பொளந்து, ரெண்டாப் பிரிஞ்சு, அவங்கவங்க ஒட்டுன டேப்போட அவங்கவங்க பக்கம் நின்னுச்சு. ஒரு சில்லு கூடச் செதறல. ஒரு பொட்டு ரத்தம் இல்ல.

அந்தம்மா மூலையில இருந்து ஒருக்களிச்சு வெளிய வந்தாங்க. யாரையும் பாக்கல. கீழ எறங்கிப் போயி சாக்கடைப் பக்கமா வெத்தலையைத் துப்புனாங்க.

படியிலயே ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. ஒருத்தரு மேல் படி, ஒருத்தரு கீழ் படி. மூச்சு வாங்குனாங்க. பேச வேண்டியது இருந்தா அந்த வேகத்துலயே பேசியிருப்பாங்க. வேகம் எறங்குனதும் பழைய வெக்கம் வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிச்சு.

மிச்ச வேலை சொணங்காம முடிஞ்சுது. பாதிப் பாதியாக் கீழ கொண்டு வந்தாங்க. நடுவுல விட்ட எடத்துல இப்ப டேப் ஒட்டுனாங்க, அதை யாரு ஒட்டுனதுன்னு ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்குறாங்க. ஜமுக்காளத்துக்குள்ள மடிச்சு, மேல சாக்கைப் போட்டு, சுத்தியலால அடக்கித் தட்டுனாங்க. துண்டுகளைக் கடையில எண்ணெய் வந்த பழைய டின்னுல போட்டாங்க. இடையிடையில பேப்பரைத் திணிச்சு மூடியை அமுக்கி, சுத்தி டேப் ஒட்டி, மேல செவப்புப் பெயிண்டுல "கண்ணாடி, கவனம்"னு எழுதுனாங்க. அந்தம்மா, அதைத் தெருத் தொட்டியில வெச்சுட்டு வந்துராதீங்க, நாளைக்குக் குப்பை வண்டி வரும்போது ரெண்டு பேரும் போயி, கையில குடுத்து, உள்ள என்ன இருக்குன்னு வாயால சொல்லணும்னாங்க.

படியிலயும் தரையிலயும் கண்ணுக்குத் தெரியாத தூளு கெடக்கும்ல. வெளக்குமாத்துல கூட்டுனா அங்கங்க ஒளிஞ்சுக்கும். சேதுராசு பேசாம தன் வீட்டுக்குள்ள போயி ஒரு குண்டாவுல மாவைப் பெசஞ்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. பெரிய உருண்டையா உருட்டித் தரையில ஒத்தி ஒத்தி எடுத்தாரு. தூளெல்லாம் மாவுல ஒட்டிக்கிச்சு.

தனுஷ்கோடி அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னாரு. நாக்கு அரிச்சுது. கல்லாவுல உக்காந்து பழகுன நாக்கு, மாவைப் பாத்தா ஏதாச்சும் சொல்லித்தான் ஆகணும்.

"பதம் சரியா இருக்கு."

சொன்னது சொவத்தைப் பாத்துத்தான். ஆனா சொல்லிட்டாரு.

சேதுராசு தலையைத் தூக்கல. ஒத்துற கை மட்டும் ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்புறம் டின்னு மேல ஒட்டுன டேப்பைப் பிரிச்சு, அந்த உருண்டையையும் உள்ள போட்டுத் திரும்ப ஒட்டிட்டு, குண்டாவை எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. கதவைச் சாத்திக்கிட்டாரு. எப்பவும் சாத்துற மாதிரி டமார்னு சாத்தல. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

வெளிய காத்து எந்திரிச்சிருச்சு. வேப்பங்கொழையெல்லாம் பறக்குது. மாடியில ஒரு சத்தமும் இல்ல. குழாயடியில பொம்பளைங்க தண்ணிக்குச் சண்டை போடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அந்தம்மா அடிபம்புல தண்ணி அடிச்சு வாய் கொப்புளிச்சாங்க. தனுஷ்கோடி துண்டை எடுத்துக் குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னாரு. உள்ளங்கையில டியூப் அழுத்துன தடம் இன்னும் செவப்பா இருந்துச்சு.

"தாயி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. மனசுல புடிச்சிருக்கிறதை எப்படி விடுறது?"

அந்தம்மா மொகத்தைத் தொடச்சாங்க. "படியில கை நடுங்குச்சே. அப்ப ஏன் அண்ணாச்சி விடல?"

"எப்படித் தாயி விடுறது. அந்தப் பக்கம் அவன்ல புடிச்சுக்கிட்டு நின்னான்."

துண்டை அவரு தோள்ல போட்டுட்டு, சாக்கைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சாங்க. செருப்பை மாட்டுனாங்க.

"மனசுல இருக்கிறதுக்கும் அந்தப் பக்கம் அவருதான் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அந்தம்மா தெரு முக்கு திரும்புற வரைக்கும் தனுஷ்கோடி அங்கயே நின்னாரு. சொவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுனாங்க.

கதை அம்புட்டுத்தான். கேட்டுட்டுத் துண்டை ஒதறிக்கிட்டுச் சும்மா எந்திரிச்சுப் போற சோலியெல்லாம் வேணாம், வாசலை நான் அடைச்சு வெச்சிருக்கேன். ஆளுக்கொரு பொட்டலம் பூந்தி வந்தாகணும். கண்ணாடிச் சாடியில கொண்டு வர்றவங்க, சாடியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிரணும், சொல்லிட்டேன்.